அளவெடுத்த நாளுக்குப் பின்

செயற்கைக் கால்களையும் காலிப்பர்களையும் இலவசமாக வழங்கும் முகாம்களை நடத்துகின்ற அறக்கட்டளையினர், சேவைச் சங்கத்தார், மாவட்ட அலுவலர்கள் ஆகியோருக்கு ஒரு திறந்த மடல்



விபத்தாலோ நீரிழிவாலோ காலை இழந்து, அக்குள் கட்டையை ஊன்றியோ வீட்டுக்குள் தவழ்ந்தோ காலம் தள்ளும் ஒருவருக்கு, பெருந்தொகை கொடுத்து வாங்க இயலாத செயற்கைக் காலை, ஊருக்கு அருகிலேயே, காசு வாங்காமல், ஓரிரு நாளில் பொருத்தி அனுப்பும் முகாம்கள் இந்நாட்டில் ஆற்றியுள்ள பணி சிறிதன்று. அதை மறுப்பதற்காக இம்மடல் எழுதப்படவில்லை. அம்முகாம்களின் வெற்றி எதைக் கொண்டு அளக்கப்படுகிறது என்பதே இங்கே பேசப்படுவது. மேடைப் பதாகையிலும் ஆண்டறிக்கையிலும் இடம்பெறுவது வழங்கப்பட்ட கால்களின் எண்ணிக்கை. அவற்றுள் எத்தனை ஆறு மாதம் கழித்தும் நாள்தோறும் அணியப்படுகின்றன, எத்தனை பரண்மேல் ஏறிவிட்டன என்னும் கணக்கு அந்த அறிக்கைகளில் அரிதாகவே காணப்படுகிறது. பரணுக்குப் போன காலைப் பற்றிக் கேட்டால், அணிந்தவரின் சோம்பலையோ மனத்தளர்ச்சியையோ சுட்டிக்காட்டும் வழக்கம் உண்டு. ஆனால் உறுத்தல், வியர்வை, புண், கனம், தரையில் உட்கார முடியாமை போன்ற, கருவியின் அமைப்பைக் கொண்டே விளக்கத்தக்க காரணங்கள் அந்தப் பழியின் பின்னால் மறைந்துகிடக்கின்றன.

செயற்கைக் காலில் பார்வைக்குப் படுவது பாதம். பேச்சுக்கு வருவது முழங்கால் மூட்டு. அணிபவரின் நாளைத் தீர்மானிப்பதோ, வெட்டுண்ட காலின் எஞ்சிய பகுதி நுழைந்து அமரும் கிண்ணம் போன்ற உறை. தொழில் செய்வோர் அதைச் சாக்கெட் என்கின்றனர். உடல் எடையைத் தாங்குவதற்காகப் படைக்கப்பட்டவை பாதத்தின் தடித்த தோலும் அதன் கீழுள்ள கொழுப்புத் திண்டும்; முழங்காலுக்குக் கீழே வெட்டப்பட்ட காலின் மெல்லிய தோலும், அதன் அடியில் கூர்மையாக நிற்கும் எலும்பும் அதற்காக அமைந்தவை அல்ல. எனவே சாக்கெட் செய்பவர், சுமையை எங்கே ஏற்றலாம், எங்கே ஏற்றக்கூடாது என்று இடம் பிரித்தாக வேண்டும். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே உள்ள தசைநாண் அழுத்தத்தைப் பொறுக்கும். கீழ்க்காலின் முன் விளிம்பும், வெளிப்புறம் முழங்காலுக்குக் கீழே புடைத்து நிற்கும் சிறிய எலும்பின் தலையும் பொறுக்கா. அந்த எலும்புத் தலையை ஒட்டி ஒரு நரம்பு ஓடுவதால், அங்கே விழும் அழுத்தம் வெறும் உறுத்தலோடு நிற்பதில்லை. பிளாஸ்டர் கட்டில் எடுத்த அச்சை அப்படியே உறையாக வார்த்துவிடாமல், தாங்கும் இடங்களில் சுரண்டியும் தாங்காத இடங்களில் பூசியும் அச்சைத் திருத்துவதற்குப் பெயர் மாற்றியமைத்தல். சாக்கெட்டின் நன்மை தீமை பெரும்பகுதி அந்த மேசையில்தான் முடிவாகிறது. ஒரு நாளில் நூறு பேருக்கு அளவெடுக்கும் முகாமில் அந்த மேசைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை அமைப்பாளர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

சாக்கெட்டின் மேல்விளிம்பு இறுகி, அடிப்பகுதி வெற்றிடமாக நின்றால், எஞ்சிய காலின் நுனியில் இரத்தமும் நிணநீரும் தேங்கி அது வீங்கும். வீக்கம் நாட்பட நீடிக்கும்போது தோல் கறுத்துத் தடித்து, மருக்கள் அடுக்கியது போலச் சொரசொரப்பாகி, வெடித்து நீர் கசியும். நுனிவரை உறை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று இன்றைய முறை வற்புறுத்துவது இதனால்தான். கால் அழகாக அமைந்திருக்கிறதா என்று புகைப்படத்தில் பார்ப்பவருக்கு இது தெரிய வழியில்லை. உறையைக் கழற்றி, தோலின் சிவப்பு பத்து நிமிடத்தில் மறைகிறதா மறையவில்லையா என்று பார்ப்பவருக்குத் தெரியும்.

இன்னொரு சிக்கல், சாக்கெட் மாறாமல் இருக்கக் கால் மாறிக்கொண்டே இருப்பது. காலையில் எழுந்தபோது உள்ள பருமன், அணிந்து நடந்து மாலையாகும்போது இருப்பதில்லை. திசுக்களில் உள்ள நீர் அழுத்தத்தால் வெளியேற, கால் சிறுத்து, உறைக்குள் ஆழமாக இறங்கி, காலையில் தாங்கும் இடத்தில் இருந்த எலும்பு மாலையில் தாங்காத இடத்தில் வந்து இடிக்கும். இதற்கு எளிய தீர்வு உண்டு: பஞ்சு அல்லது கம்பளியால் நெய்த சாக்ஸ்களை, தடிமனுக்கேற்ப ஒன்றன்மேல் ஒன்றாக, தேவைப்படும்போது கூட்டி அணிவது. ஆனால் எப்போது ஒன்றைக் கூட்ட வேண்டும், எப்போது கழற்ற வேண்டும் என்பதை அணிபவர் கற்றுக்கொள்ள வேண்டும். மாற்றி அணியத் துவைத்த சாக்ஸ் போதிய எண்ணிக்கையில் கையிருப்பில் வேண்டும். காலோடு ஒரே ஒரு சாக்ஸைக் கொடுத்து அனுப்புவது, கொடுத்த காலின் ஆயுளையே குறைத்து அனுப்புவதாகும்.

நாளுக்குள் நிகழும் இந்த மாற்றத்தைவிடப் பெரியது முதல் ஆண்டில் நிகழ்வது. அறுவை முடிந்த சில மாதங்களில் வீக்கம் வடிந்து, பயன்படாத தசை மெலிந்து, எஞ்சிய கால் வெகுவாகச் சுருங்குகிறது. முதல் சாக்கெட் எவ்வளவு திறமையாகச் செய்யப்பட்டிருந்தாலும், பெரும்பாலோருக்கு ஓர் ஆண்டுக்குள் அது தொளதொளத்துப் போகும். இது செய்தவரின் குற்றமோ அணிந்தவரின் குற்றமோ அன்று, உடலின் இயல்பு. ஆகவே புதிதாகக் கால் இழந்த ஒருவருக்கு ஒரு செயற்கைக் கால் தருவதென்றால், இரண்டு சாக்கெட்டுகளுக்கும் இடையில் பலமுறை சரிசெய்தலுக்கும் பொறுப்பேற்பது என்றே பொருள் கொள்ள வேண்டும். இரண்டாவது சாக்கெட் இல்லாத முதல் சாக்கெட் பாதி உதவி என்று சொல்வதில் மிகையில்லை.

வெப்பத்தைப் பற்றி, குளிர் நாடுகளில் எழுதப்பட்ட பாடநூல்களைவிடத் தமிழ்நாட்டின் மே மாதம் நன்றாகவே அறிந்திருக்கிறது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறைக்குள், மேலே சாக்ஸோ சிலிகான் உறையோ சுற்றப்பட்ட காலில், ஓரிரு பாகை வெப்பம் ஏறினாலே வியர்வை பெருகும். ஏறிய வெப்பம், நடப்பதை நிறுத்தி உட்கார்ந்தாலும் விரைவில் இறங்குவதில்லை. ஈரத் தோல் உராய்வைத் தாங்காது, மயிர்க்கால்களில் சீழ் பிடிக்கும், படை பரவும், உறை வழுக்கி நடை தடுமாறும். வயலிலும் கட்டட வேலையிலும் இருப்பவர் நண்பகலில் காலைக் கழற்றித் துடைத்து, சாக்ஸ் மாற்றி, மறுபடி அணிய ஒரு நிழலும் கொஞ்சம் நல்ல தண்ணீரும் வேண்டும். இது மருத்துவ அறிவுரைத் தாளில் ஒரு வரியாக அச்சிடப்படுவதைவிட, பொருத்தும்போதே வேலையைக் கேட்டறிந்து சொல்லப்படுவது பயன் தரும்.

கேட்டறிவது என்பதற்கு இத்துறையில் ஒரு பெரும் சான்று உண்டு. 1950களில் அமெரிக்காவின் பெர்க்லியில் உருவாக்கப்பட்ட சாச் பாதம், உள்ளே அசையாத மரக்கட்டையும் குதிகாலில் மெத்தென்ற ரப்பர் ஆப்பும் கொண்டது. குதி தரையில் படும்போது ரப்பர் அமுங்கி, கணுக்கால் கீழே வளைவது போன்ற பயனைத் தரும். எளியது, மலிவானது, நாள்பட உழைப்பது. ஆயினும் ஷூவுக்குள் மறைந்து, நாற்காலியில் உட்கார்ந்து வாழும் வாழ்க்கைக்காக வடிவமைக்கப்பட்டது. 1960களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூரின் சவாய் மான் சிங் மருத்துவமனையில், பள்ளிப் படிப்பு மிகக் குறைவாகவே பெற்ற சிற்பக் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும், எலும்பு மருத்துவர் பிரமோத் கரண் சேத்தியும், தங்களிடம் வந்தவர்கள் கொடுத்த காலைக் கழற்றிவைத்துவிட்டு மறுபடி ஊன்றுகோலுக்குத் திரும்புவதைக் கண்டனர். அப்படி வந்தவர்கள் வெறுங்காலோடு நடப்பவர்கள், சம்மணமிட்டு உண்பவர்கள், குந்தியமர்ந்து வேலை செய்பவர்கள், சேற்றில் இறங்குபவர்கள். மரம், நுண்ணறை ரப்பர் ஆகியவற்றாலான துண்டுகளை, பாத நிறமுள்ள ரப்பருக்குள் அடக்கி, அச்சில் வேகவைத்து எடுத்த ஜெய்ப்பூர் பாதம், பல திசைகளிலும் வளையக்கூடியதாகவும், ஷூவின்றியே நடக்கத்தக்கதாகவும், குந்துவதற்கு இடங்கொடுப்பதாகவும் அமைந்தது. அதைப் பரவலாக்கிய மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி 1975இல் தொடங்கப்பட்டது. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. சர்மாவுக்கும் அதே அளவு புகழ் கிடைத்திருக்க வேண்டும் என்பது வேறு பேச்சு.

இந்த வரலாற்றைப் பல முகாம்கள் பெருமையோடு மேடையில் சொல்கின்றன. ஆனால் அதன் உட்பொருள் ரப்பர் பாதத்தில் இல்லை. அணிபவர் ஏன் கழற்றிவைத்தார் என்று கேட்ட கேள்வியில் இருக்கிறது. அதே பாதத்தைக் குந்தியமராத, நாள் முழுதும் மேசையருகே ஷூ அணிந்து பணிபுரியும் ஒருவருக்குக் கேள்வியின்றிப் பொருத்துவது, ஜெய்ப்பூரில் நடந்ததற்கு நேர்மாறான செயலாகும். நெகிழ்வான பாதத்துக்கு ஒரு விலையும் உண்டு: கனம் கூடும், முன்னோக்கித் தள்ளும் விசையில் ஒரு பங்கு அந்த நெகிழ்வில் கரையும். எந்தப் பாதமும் எல்லாருக்கும் சிறந்ததாவதில்லை.

நடைக்கு அடுத்த ஆதாரம், சாக்கெட்டும் மூட்டும் பாதமும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில், எவ்வளவு முன்பின் தள்ளி இணைக்கப்பட்டுள்ளன என்பது. இதை நேரமைவு எனலாம். பாதம் சில மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருந்தால் உடல் ஒருபுறம் சாயும். பாதத்தின் முனை சற்றே தாழ்ந்திருந்தால் முழங்கால் பின்னோக்கித் தள்ளப்படும். குதிகால் உயரத்தைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். வெறுங்காலுக்கென்று அமைத்த காலில், இரண்டு சென்டிமீட்டர் குதி உயர்ந்த செருப்பை ஒருவர் வாங்கி மாட்டினால், கால் முழுதும் முன்னோக்கிச் சாய்ந்து, ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மடங்கப் பார்க்கும். அதைத் தடுக்கத் தொடைத் தசை ஓயாமல் இறுகி நிற்க, மாலையில் வரும் வலிக்குச் செருப்புதான் காரணம் என்பதை அணிந்தவரும் அறியார், மருத்துவரும் ஐயுறார். இயல்பான பாதம் விரல்களால் செருப்பைப் பற்றிக்கொள்ளும், செயற்கைப் பாதத்தால் அது முடியாது. ஆகவே பின்வார் உள்ள செருப்பே ஏற்றது என்பதும், குதி உயரத்தை மாற்றக்கூடாது என்பதும் பொருத்தும் நாளிலேயே சொல்லப்பட வேண்டியவை. நேரமைவு ஒரு நாளில் முடியும் வேலையும் அன்று. புதிதாக நடக்கத் தொடங்கியவர் முதல் நாளில் பயந்து பயந்து நடப்பார். அந்த நடைக்கு ஏற்ப அமைத்த கால், மூன்று வாரம் கழித்துத் துணிவோடு நடக்கும்போது பொருந்தாது.

காலை இழந்தவரின் உடல் நடப்பதற்குச் செலவிடும் ஆற்றல் அதிகம். வெட்டு உயர உயரச் செலவும் உயரும். 1976இல் வாட்டர்ஸ், பெர்ரி முதலியோர் வெளியிட்ட ஆய்வு, இவர்கள் ஒரு நிமிடத்துக்கான உழைப்பு வழக்கமான அளவைத் தாண்டாதபடி வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்கின்றனர் என்றும், முழங்காலுக்கு மேலே வெட்டுண்டவர்கள் கீழே வெட்டுண்டவர்களைவிட மெதுவாக நடக்கின்றனர் என்றும் காட்டியது. நன்கு பொருந்திய செயற்கைக் காலோடு நடப்பது, அது இன்றி ஊன்றுகோல்களால் தாவி நடப்பதைவிட உடலுக்கு எளிது என்பதும் அதில் தெரியவந்தது. இரத்தக்குழாய் நோயால் முழங்காலுக்கு மேலே வெட்டுண்டவர்களுக்கு மட்டும் அந்த வேறுபாடு குறிப்பிடத்தக்கதாக இல்லை. வயது முதிர்ந்து, நீரிழிவும் இதயநோயும் சேர்ந்து, தொடையளவில் கால் வெட்டப்பட்ட ஒருவருக்குச் சில வேளைகளில் சக்கர நாற்காலியே விடுதலை தரும் என்பதை இது உணர்த்துகிறது. அவருக்குக் கால் கொடுத்து அனுப்பினால் எண்ணிக்கை ஒன்று கூடும். அவர் நடமாட்டம் கூடாமலே போகலாம்.

தொடையளவில் வெட்டுண்டவருக்கு முழங்கால் மூட்டின் தேர்வு ஒரு கொடுக்கல் வாங்கல். பூட்டப்பட்ட மூட்டு மடங்காது, ஆதலால் விழவைக்காது. ஆனால் விறைத்த காலைத் தரையில் தட்டாமல் கொண்டுசெல்ல இடுப்பை உயர்த்தியோ காலை வெளியே அரைவட்டமாகச் சுழற்றியோ நடக்க வேண்டியிருப்பதால், ஆற்றலும் முதுகும் இரண்டும் தேய்கின்றன. ஒற்றை அச்சில் மடங்கும் மூட்டில், அச்சைச் சுமைக்கோட்டுக்குப் பின்னே தள்ளிவைத்தால் நிற்கும்போது உறுதி கிடைக்கும், அடியெடுக்கும்போது மடக்குவது கடினமாகும். முன்னே கொண்டுவந்தால் மடக்குவது எளிதாகும், நிற்பது அஞ்சத்தக்கதாகும். நான்கு கம்பிகள் இணைந்து இயங்கும் பல்லச்சு மூட்டு, மடங்க மடங்கத் தன் சுழல்மையத்தை இடம்பெயர்த்துக்கொள்வதால், நிற்கும்போது உறுதியையும் வீசும்போது தரைத்தட்டாமையையும் ஓரளவு சேர்த்துத் தருகிறது. சென்னை ஐஐடியின் மறுவாழ்வு ஆய்வுக் குழு பிற நிறுவனங்களோடு இணைந்து 2022இல் வெளியிட்ட கடம் என்னும் மூட்டு இவ்வகையைச் சேர்ந்தது. ஆனால் எந்த மூட்டும் பயிற்சியின்றிப் பயன்தராது. இணைக்கம்பிகளுக்கிடையே எடையை மாற்றப் பழகி, படியேறி, சரிவிறங்கி, விழுந்தால் எழக் கற்றுக்கொள்ளாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், விலையுயர்ந்த மூட்டையும் பூட்டிய மூட்டாகவே வைத்து நடப்பார்.

வலுவிழந்த காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பர்களுக்கு வரலாம். இந்தியாவில் இளம்பிள்ளை வாதத்தின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் இந்தியா அடங்கிய தென்கிழக்காசியப் பகுதி போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் இன்று நடுவயதினர், முதியவர்கள். பல்லாண்டு ஒற்றைக் காலால் உடலைச் சுமந்த தோளும் இடுப்பும் நல்ல முழங்காலும் தேய்ந்துவரும் பருவத்தினர். தொடையின் முன்தசை செயலிழந்த ஒருவர், ஒவ்வோர் அடியிலும் கையால் தொடையைப் பின்னோக்கி அழுத்திக்கொண்டே நடப்பதைத் தமிழ்நாட்டுத் தெருக்களில் காணாதவர் இல்லை. முழங்காலைப் பூட்டும் நீண்ட இரும்புக் காலிப்பர் அந்தக் கைக்கு விடுதலை தருகிறது. அதற்கீடாகக் கனத்தையும், பேருந்தில் உட்காரப் பூட்டைத் தூக்கிவிட வேண்டிய தொல்லையையும், விறைத்த நடையையும் கொடுக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கத்தை வலியுறுத்த வேண்டும். தொடைத்தசை வலுவிழந்தவருள் சிலருக்குக் கணுக்கால் சற்றே கீழ்நோக்கி இறுகி, பாதம் முனைகுத்தியதுபோல் நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது ஊனம். ஆனால் முன்பாதம் முதலில் தரையில் ஊன்றுவதால், தரை திருப்பித் தரும் விசை முழங்காலுக்கு முன்னே சென்று அதைப் பின்னோக்கித் தள்ளி, தசையின்றியே பூட்டிவிடுகிறது. அவருடைய பாதத்தைச் செங்கோணத்துக்கு நேராக்கும் ஒரு பட்டையைப் போட்டால், உருவம் அழகுறும், முழங்கால் மடங்கி அவர் விழுவார். இந்த இயக்கத்தையே அறிந்து பயன்படுத்தும் குட்டைக் கருவியும் உண்டு: கணுக்கால் மேல்நோக்கி மடங்குவதைத் தடுத்து, கீழ்க்காலின் முன்புறத்தில் அழுத்தத்தை ஏற்றி முழங்காலை நிலைநிறுத்தும் தரை எதிர்வினைப் பட்டை. தகுதியுள்ளவருக்கு அது தொடைவரை நீளும் இரும்பைத் தேவையற்றதாக்கும். யாருக்கு எது என்பதைத் தசை தசையாக வலுவைச் சோதித்தும், மூட்டு மூட்டாக அசைவை அளந்தும், நடக்கவைத்துப் பார்த்துமே முடிவு செய்ய முடியும். சான்றிதழில் உள்ள சதவீதத்தைப் பார்த்துக் காலிப்பர் எழுதித் தருவது மருத்துவமாகாது.

கணுக்கால் பட்டைகளில் வலியைத் தீர்மானிப்பவை சிறு அளவுகளே. பிளாஸ்டிக் பட்டையின் விளிம்பு கணுவெலும்புகளுக்குப் பின்னே வெட்டப்பட்டால் அது வளைந்துகொடுக்கும், முன்னே வந்தால் விறைக்கும். மூட்டுள்ள பட்டையின் அச்சு உடலின் அச்சோடு ஒத்துப்போகாவிட்டால், ஒவ்வோர் அடியிலும் பட்டை காலின்மேல் மேலும் கீழும் தேய்த்துக்கொண்டே இருக்கும். அந்தத் தேய்வுக்கு ஒட்டுப்பஞ்சு மருந்தாகாது.

குழந்தைகளுக்குத் தரப்படும் கருவிகளில், வசதி என்பது சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. பிறவி வளைபாதத்தைப் படிப்படியாக மாவுக்கட்டால் நேராக்கும் பொன்செட்டி முறையில், நேரானபின் இரு காலணிகளை ஒரு கம்பியில் இணைத்த கருவியை முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 23 மணி நேரமும், அதன்பின் ஏறத்தாழ நான்கு வயதுவரை உறங்கும் நேரமும் அணிவிக்க வேண்டும். பாதம் மறுபடி வளைந்துபோவதற்குத் தலையாய காரணம் இதை அணிவிக்காமல் விடுவது. அணிவிக்காமல் விடுவதற்குக் காரணங்களுள் முக்கியமானது, குதி நழுவிக் கொப்புளம் கண்டு குழந்தை இரவெல்லாம் அழுவது. தாயைக் கண்டிப்பதைவிடக் காலணியைத் திருத்துவது நோயைத் தடுக்கும். முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளையும் வளரிளம் பருவத்தினர் பற்றி 2013இல் வெளியான வட அமெரிக்கக் கூட்டாய்வில், உடற்பட்டை அணிந்தோரில் 72 விழுக்காட்டினருக்கும் அணியாதோரில் 48 விழுக்காட்டினருக்கும் வளைவு அறுவை தேவைப்படும் எல்லையை எட்டாமல் நின்றது. பட்டைக்குள் வைத்த வெப்ப உணரியால் அணிந்த நேரமும் அளக்கப்பட்டது. நாளொன்றுக்குச் சராசரியாகப் பதின்மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் அணிந்தவர்களுக்கு வெற்றி தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டியது. பள்ளிச் சீருடைக்குள் வெந்துபோகும் பட்டையை ஒரு சிறுமி எத்தனை மணி நேரம் பொறுப்பாள் என்பதே ஆகமொத்தத்தில் சிகிச்சையின் அளவு.

இதுவரை சொன்னதெல்லாம் வலிக்கும் உடலைப் பற்றியது. வலிக்காத உடல் இன்னும் கவலைக்குரியது. 1946இல் வேலூருக்கு வந்த மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளிகளின் கைகால்கள் நோயால் அழுகி உதிர்வதில்லை, உணர்விழந்த உறுப்பு காயத்தையும் அழுத்தத்தையும் அறியாமல் தேய்ந்து அழிகிறது என்று நிறுவினார். அந்த அறிவிலிருந்தே, உள்ளங்கால் அழுத்தத்தைப் பரப்பிவிடும் நுண்ணறை ரப்பர் செருப்புகள் வேலூரிலும் அதன் அருகிலுள்ள கரிகிரியிலும் நடந்த பணியின் வழியே பரவின. எம்சிஆர் செருப்பு என்னும் பெயரில் இன்று நீரிழிவு நோயாளிகள் அணிவதும் அதுவே. நீரிழிவால் நரம்பு மரத்துப்போனவருக்குச் சாக்கெட்டோ பட்டையோ உறுத்தினால் அவர் முகம் சுளிக்கமாட்டார். நன்றாக இருக்கிறது என்றே சொல்லிவிட்டுப் புண்ணோடு வீட்டுக்குப் போவார். இத்தகையோரை மணிக்கொரு முறை கழற்றிப் பார்த்து, சிவப்பைக் கண்டு, மெல்ல மெல்ல அணியும் நேரத்தைக் கூட்ட வேண்டும்; தானே பார்க்க முடியாத கண்பார்வைக் குறைவும் இவர்களுள் பலருக்கு உண்டாதலால், வீட்டார் ஒருவருக்கும் அது கற்பிக்கப்பட வேண்டும். இரட்டைச் சுமை ஏற்கும் மற்றொரு பாதத்துக்கும் அன்றே செருப்புத் தரப்படுவது முறை. ஒரு காலுக்குக் கால் கொடுத்து, மறு காலை இழக்கவிடுவது நேரக்கூடியதே.

இழந்த கால் இன்னும் இருப்பதுபோலவும், இல்லாத விரல் முறுக்கி வலிப்பதுபோலவும் தோன்றுவது மனப்பிரமை அன்று, நரம்பு மண்டலத்தின் வேலை. இதற்கு 1990களில் கண்ணாடிச் சிகிச்சையை முன்வைத்தவர் தமிழரான வி. எஸ். ராமச்சந்திரன். முகாமில் ஒருவர் இவ்வலியைச் சொன்னால் சாக்கெட்டைச் சுரண்டுவதால் பயனில்லை, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் இங்கே குறிப்பது போதும். செயற்கைக் கைகளைப் பற்றியும் ஒரு சொல்: கால் நூற்றாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான கட்டுரை, பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அணிவதை விட்டுவிடுவதாகவும், குழந்தைகளில் அது மேலும் கூடுதல் என்றும் கண்டது. மின்சாரக் கையாக இருந்தாலும் தொடுவுணர்வைத் தர இயலாத வரையில், எஞ்சிய ஒற்றைக் கையின் திறமையோடு அது போட்டியிட வேண்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம் ஒரு முகாம் செய்ய முடியுமா என்னும் கேள்வி நியாயமானது. தனியாகச் செய்ய முடியாது; நிலையான பட்டறையோடு இணைந்து செய்ய முடியும். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கிவரும் ஜெய்ப்பூர் புனர்வாழ்வு நிலையம், போரில் கால் இழந்தோருக்கு அளவெடுத்த இடத்திலேயே பழுதுபார்க்கவும் மாற்றவும் திரும்பி வரும் வாய்ப்பைத் தந்ததால்தான் ஊன்றி நின்றது. வேலூரில், 1954 விபத்தில் தாமே இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966இல் தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிலையம், நோயாளியைத் தங்கவைத்துப் பழக்க வேண்டும் என்னும் கருத்தை இந்நாட்டில் நிலைநிறுத்தியது. சென்னை கே.கே.நகரில் அரசின் மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. மாவட்டந்தோறும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. இவற்றுக்கும் முகாமுக்கும் இடையே ஒரு தொடர்பைக் கட்டுவது பணத்தைவிடத் திட்டமிடுதலையே கேட்கும்.

ஆகவே, அடுத்த முகாமைத் திட்டமிடும் அமைப்பாளர்கள், அறுநூறு பேருக்கு ஒரு நாள் என்பதை இருநூறு பேருக்கு மூன்று நாள் என்று மாற்றிப் பார்க்க வேண்டும் என்று இம்மடல் கேட்டுக்கொள்கிறது. பதிவுப் படிவத்தில் பெயர், வயது, ஊன விழுக்காடு ஆகியவற்றோடு, செய்யும் வேலை, வீட்டில் உட்காரும் முறை, கழிப்பறை எவ்வகை, அன்றாடம் நடக்கும் தரை, முன்பு வாங்கிய காலோ காலிப்பரோ இருந்தால் அதை ஏன் கழற்றிவைத்தார் என்பனவும் கேட்கப்பட வேண்டும். பழைய கருவியை எடுத்துவரச் சொன்னால் அதன் தேய்மானமே பாதி விடையைச் சொல்லும். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற செயற்கை உறுப்பு வல்லுநரும், இயன்முறை மருத்துவர் ஒருவரும் இல்லாத நாளில் கால் ஒப்படைப்பு விழா வைக்கப்படாதிருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் போதிய சாக்ஸும், மரத்த பாதமுள்ளோருக்கு மறு காலுக்கான செருப்பும், புதிதாகக் கால் இழந்தோருக்கு இரண்டாம் சாக்கெட்டுக்கான தொகையும் வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும். அத்தொகைக்கு நன்கொடையாளரின் பெயர் பொறித்த பலகை வைக்க இயலாது என்பது உண்மைதான். மூன்றாம் வாரத்திலும், மூன்றாம் மாதத்திலும், ஆறாம் மாதத்திலும் அதே ஊரில் அதே இடத்தில் வல்லுநர் ஒருவர் வந்திருப்பார் என்ற தேதிகள், கால் தரப்படும்போதே அச்சிட்டுத் தரப்பட வேண்டும். வந்தவர்களின் தோலைப் பார்த்து, நடையைப் பார்த்து, நாளுக்கு எத்தனை மணி நேரம் அணிகின்றனர் என்று எழுதி, அந்த எண்ணையே ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும். வராதவர்களின் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது போக வேண்டும்.